சர்க்கரைக் கிண்ணமும் சமையற்காரனும்

1931 நவம்பர் 20 அன்று நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பாடிய பாட்டுகளில் ஒன்று 'நீட் எ லிட்டில் ஷுகர் இன் மை போல்'. தன் கிண்ணத்தில் கொஞ்சம் சர்க்கரை போடச் சொல்லிக் கேட்கிறாள் ஒரு பெண். சர்க்கரை மட்டும் போதவில்லை. ரொட்டிக்கு நடுவே வைக்கவும் ஏதாவது வேண்டும் என்கிறாள். குரலில் குழைவும் இருக்கிறது, அதட்டலும் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். அவள் மளிகைக் கடைக்குப் போக வேண்டியவள் இல்லை என்பது அதற்கு வெகு முன்பே கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

பாட்டை எழுதியதில் கிளாரன்ஸ் வில்லியம்ஸுக்கும் டிம் பிரிம்னுக்கும் பங்குண்டு. 1923 முதல் கொலம்பியாவின் வருமானத்துக்குத் தூணாக இருந்த பெஸ்ஸி, அந்த நிறுவனத்துக்காக ஒலிவாங்கி முன் நின்ற கடைசி நாள் அது. பொருளாதாரப் பெருமந்தம் இசைத்தட்டு வியாபாரத்தையே முறித்துக்கொண்டிருந்தது. அவருடைய ஒப்பந்தமும் அதோடு போயிற்று. 36 ஆண்டுகள் கழித்து, 1967இல், நீனா சிமோன் இந்தத் தலைப்பைச் சற்றே திருத்தி, மையக் கற்பனையை எடுத்து, வரிகளை மாற்றிப் பாடினார். பெஸ்ஸியின் குறும்பு அதில் பாதிக்கு மேல் கரைந்து, தனியாக இருப்பவளின் ஏக்கமாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே சர்க்கரை இரண்டு வயதில் இரண்டு ருசியாக இருப்பது தெரியும்.

1920களிலும் 30களிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கென்று வெளிவந்த இசைத்தட்டுகளில் இந்த வகைச் சாப்பாட்டுப் பாட்டுகள் ஏராளம். 1924இல் மேகி ஜோன்ஸ் தன் முட்டைக்கோஸை ருசி பார்க்க ஆள் கூப்பிட்டார். பின்னணியில் கார்னெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். லில் ஜான்சன் சூடான வேர்க்கடலையும் ஹாட்டாக்கும் விற்றார். வட கரோலினாவின் டர்ஹாம் நகரத்தில், பார்வையற்ற பிளைண்ட் பாய் ஃபுல்லர் பை கேட்டார், மீன் வாசனை எங்கிருந்து வருகிறது என்றும் விசாரித்தார். உணவை ஏன் எடுத்தார்கள்? யாரிடமிருந்து மறைத்தார்கள்? தணிக்கைக்குப் பயந்து மூடினார்கள் என்பது ஒரு பதில். மலிவான ஆபாசம், வேறொன்றுமில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் இரண்டுமே பாட்டைக் கேட்காமல் சொல்லும் பதில்கள். இந்தப் பாட்டுகள் எதையும் மறைக்கவில்லை. அந்த மூடிதான் அவர்கள் விற்ற சரக்கு. அந்த மூடியைச் செய்ய அடுக்களையைப் போல வாகான இடம் அந்த மக்களின் வாழ்க்கையில் வேறெதுவும் இல்லை.

முதலில் வியாபாரத்தைப் பார்த்துவிடலாம். 1920 ஆகஸ்ட் 10 அன்று ஒகே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் 'கிரேஸி ப்ளூஸ்' பாடினார். கறுப்பின மக்கள் காசு கொடுத்து ரெக்கார்ட் வாங்குவார்கள் என்பதே அதுவரை நிறுவனங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியதும் ஆளாளுக்குக் கடை விரித்தார்கள். 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை, தனி எண், தனி விளம்பரம். 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளில் அந்த விளம்பரங்கள் கேலிச்சித்திரங்களோடு வந்தன. தட்டு ஒன்றுக்கு 75 சென்ட். கடை இல்லாத ஊருக்குத் தபாலில் போயிற்று; புல்மன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் பைகளில் சுமந்துபோய்த் தெற்கில் விற்றார்கள். இந்த வியாபாரத்தில் பெரிய கையான பாரமவுண்ட், விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பெனி ஒன்றின் கிளை. கிராமஃபோன் பெட்டி செய்து கொடுத்த தச்சுப் பட்டறை, பெட்டியை விற்பதற்காகத் தட்டும் செய்ய ஆரம்பித்தது. அமெரிக்க இசையின் பெரும் பொக்கிஷங்களில் ஒரு பங்கு இப்படி மரச்சாமான் வியாபாரத்தின் ஓரத்தில் சேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்புத்தான் வருகிறது.

இரட்டை அர்த்தப் பாட்டு ஏற்கெனவே வாடவில், கூடார நாடகம் என்று எல்லா மேடையிலும் இருந்ததுதான். ஜெல்லி ரோல், அதாவது பழப்பாகு தடவிச் சுருட்டிய கேக், 1910களிலேயே அச்சிட்ட பாட்டுகளில் ஏறிவிட்டது. நியூ ஆர்லியன்ஸின் பியானோ மேதை ஃபெர்டினாண்ட் மார்ட்டன் அதைத் தன் பெயருக்கு முன்னாலேயே சூடிக்கொண்டார். ஆனால் அது தனிச் சரக்காகக் கொட்ட ஆரம்பித்தது 1928 அக்டோபருக்குப் பிறகு. அந்த மாதம் சிகாகோவில் கிடார்க்காரர் டம்பா ரெட்டும், ஜார்ஜியா டாம் என்ற பெயரில் பியானோ வாசித்த தாமஸ் டோர்ஸியும் 'இட்ஸ் டைட் லைக் தட்' என்ற துள்ளல் பாட்டைப் பதிவு செய்தார்கள். அமோகமாக விற்றது. அதன் பிறகு அதே மெட்டில், அதே துள்ளலில், 'ஹோகம்' என்ற பெயரில் பாட்டுகள் வரிசை கட்டின. பெருமந்தம் அந்த வரிசையை நீட்டியது. 1927இல் அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் சுமார் 60 லட்சத்துக்கு இறங்கின. புளூபேர்ட் போன்ற வரிசைகளில் விலை 35 சென்ட்டாகக் குறைந்தது. நிறுவனங்களுக்குச் சோதனை செய்து பார்க்கக் காசில்லை. நிச்சயம் விற்பது எதுவோ அதையே மறுபடி மறுபடி கேட்டார்கள். சிரிப்பு விற்றது.

டோர்ஸியின் கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாப்டிஸ்ட் போதகரின் மகன். ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். 1932இல் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதிய 'டேக் மை ஹேண்ட், பிரஷஸ் லார்ட்' கறுப்பினத் திருச்சபைகளின் உயிர்ப்பாட்டானது. மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்ஸன் பாடியது அதைத்தான். இதைப் பாவி புனிதனான கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஜார்ஜியா டாமாகக் குறும்புப் பாட்டு வாசித்த ஆண்டுகளிலேயே அவர் பக்திப் பாட்டும் எழுதிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி சிரித்த கூட்டத்தில் பலர் ஞாயிற்றுக்கிழமை காலை அழுத கூட்டத்திலும் இருந்தார்கள். இரண்டுக்கும் மெட்டுப் போடத் தெரிந்த ஒருவர் இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி தணிக்கை. இசைத்தட்டுகளை முன்கூட்டிக் கேட்டு முத்திரை குத்த அமெரிக்க அரசிடம் அதிகாரி யாரும் கிடையாது. 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் ஆபாசப் பொருளைத் தபாலில் அனுப்பத் தடை விதித்திருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்கும் பிறகு தடை வந்தது. அந்தத் தடை குரலுக்கும் பொருந்துமா என்பது நெடுநாள் தீராமல் கிடந்தது. ஆபாச இசைத்தட்டும் தடைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1950இல்தான், அல்பர்ஸ் வழக்கில். ஆகவே நிறுவனங்களே தங்களுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டன. கோட்டுக்கு அப்பால் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி லூசில் போகன். 1935இல் நியூயார்க்கில் 'ஷேவ் எம் டிரை' என்ற பாட்டை அவர் இரண்டு விதமாகப் பதிவு செய்தார். ஒன்று கடைக்கு வந்தது. மற்றொன்றில் உவமை இல்லை, உணவு இல்லை, மூடி இல்லை. உறுப்பும் செயலும் பச்சையாக வருகின்றன. நடுவில் அவரே சிரித்துவிடுகிறார். அந்தப் பதிவு பல பத்தாண்டுகள் சேகரிப்பாளர்களின் கைகளில் மட்டும் சுற்றியது. ஜூக் ஜாயின்ட் எனப்படும் தெற்கத்திச் சாராயக் கொட்டகைகளில் சனிக்கிழமை இரவு எப்படிப் பாடியிருப்பார்கள் என்பதற்கு அது ஒரு சின்ன ஜன்னல்.

இதை வைத்து, 'பார்த்தீர்களா, உண்மையான பாட்டு அதுதான், கடைக்கு வந்ததெல்லாம் சலவை செய்த சட்டை' என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டையும் கேட்டுவிட்டு எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகனின் பச்சைப் பாட்டில் வேகம் உண்டு, தைரியம் உண்டு, விளையாட்டுக் குறைவு. கேட்பவனுக்கு அதில் வேலை இல்லை. சர்க்கரைக் கிண்ணத்தில் பாதிப் பாட்டைக் கேட்பவன்தான் பாடுகிறான். பாடகி நிறுத்துகிற இடத்தில் அவன் மனம் ஓடிப்போய் அடுத்த சொல்லைப் பிடித்துவிடுகிறது. அவள் வேறொரு சாதுவான சொல்லைப் போட்டு, 'நான் அப்படியொன்றும் சொல்லவில்லையே' என்கிற முகத்தோடு நிற்கிறாள். மாட்டிக்கொண்டவன் அவன்தான்.

தமிழ் வாசகருக்குச் சிலேடை நினைவுக்கு வரும். வரட்டும், ஆனால் இது அந்த இனம் இல்லை. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரு வெண்பாவில் கட்டினால் இரண்டும் சரிசமமாக நிற்கும். எதையும் எதற்கும் பின்னால் ஒளிக்கவில்லை. ப்ளூஸில் மேல்பொருள் பெரும்பாலும் பாவனை. அந்தப் பாவனையை எவ்வளவு நேரம், எவ்வளவு முகம் மாறாமல் தாங்குகிறார்கள் என்பதில் திறமை இருக்கிறது. ஆனால் இந்த வகையில் மிகச் சிறந்த பாட்டுகள் என்று நான் நினைப்பவற்றில் மேல்பொருளும் தன் காலில் நிற்கிறது.

'கிச்சன் மேன்' அப்படிப்பட்டது. 1929 மே 8 அன்று பெஸ்ஸி பாடினார். பியானோ கிளாரன்ஸ் வில்லியம்ஸ், கிடார் எடி லாங். ஒரு பணக்காரச் சீமாட்டி. வேலைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக. அவளுக்குப் பிடித்தவன் சமையற்காரன். அவன் ஒரு நாள் வேலையை விடப்போவதாகச் சொல்ல, அவள் அவன் கைப்பக்குவத்தை ஒவ்வொரு பண்டமாகச் சொல்லிப் புலம்புகிறாள். பண்டம் ஒவ்வொன்றும் வேறொன்று என்பது சொல்லாமலே தெரியும். ஆனால் வேறொன்றாக எடுத்துக்கொள்ளாவிட்டாலும் கதை நிற்கிறது. சம்பளக்காரன் நோட்டீஸ் கொடுக்கிறான், எஜமானி கெஞ்சுகிறாள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்தவர் வீட்டு அடுப்படியிலோ, சலவைத் தொட்டியிலோ, வயலிலோ நின்றவர்கள். காலையில் இருட்டோடு வெள்ளைக்காரர் வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்து, அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு மீதியைப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தத் தட்டை வாங்கி வைத்து, சமையற்காரன் போய்விட்டால் செத்துப்போவேன் என்று சீமாட்டி அழுவதைக் கேட்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் கட்டில் சமாசாரம் பாதிதான்.

இந்தப் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் ஆண்டி ரசாஃப். 'ஹனிசக்கிள் ரோஸ்', 'எய்ன்ட் மிஸ்பிஹேவிங்' எழுதியவர். முழுப்பெயர் ஆண்ட்ரியமனந்தேன ரசாஃபிங்கெரியேஃபு. மடகாஸ்கர் அரச குடும்பத்து வாரிசு என்று அறியப்பட்டவர். அம்மாவின் அப்பா மடகாஸ்கரில் அமெரிக்கக் கான்சலாக இருந்தவர். அரச வம்சத்துப் பேரன் நியூயார்க்கில் உட்கார்ந்து சமையற்காரனின் ஜெல்லி ரோலைப் பற்றி எழுதிப் பிழைத்தார். இன்னொரு விஷயமும் இங்கே உறுத்த வேண்டும். பெண் ஆசையை வெளிப்படையாகச் சொன்ன பாட்டுகள் என்று நாம் கொண்டாடுகிறவற்றில் கணிசமானவை ரசாஃப், வில்லியம்ஸ் போன்ற ஆண்கள் எழுதியவை, அல்லது பங்கு போட்டு எழுதியவை. ஹேஸல் கார்பியின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஏஞ்சலா டேவிஸின் 1998ஆம் ஆண்டு நூலும் இந்தப் பாடகிகளைப் பெண் விடுதலைச் சிந்தனையின் முன்னோடிகளாகக் காட்டின. அந்த வாசிப்பு வந்திராவிட்டால் பெஸ்ஸியை இன்னும் நாம் 'வாழ்ந்து கெட்டவள்' கதையாகவே படித்துக்கொண்டிருப்போம். ஆனாலும் யார் எழுதிய வரி, யார் அதைத் திருப்பிப் பாடினார் என்பதைப் பாட்டுக்குப் பாட்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

மெம்ஃபிஸ் மின்னியிடம் அந்தச் சிக்கல் குறைவு. கிடாரும் அவருடையது, பெரும்பாலும் பாட்டும் அவருடையது. 1935இல் வந்த ஒரு பாட்டில் பன்றிக்கறித் துண்டுக்குக் காசு வாங்குகிறார், குழம்பை இலவசமாக ஊற்றுகிறார். தலைப்பே அதுதான். விபசாரம் பற்றிய பாட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அவர் குரலைக் கேளுங்கள். அது சந்தையில் கூடை இறக்கியவளின் குரல். சரக்கு தன்னுடையது, விலை தான் வைப்பது, கொசுறும் தான் கொடுப்பது. லூசில் போகனும் அதே ஆண்டு 'பார்பெக்யூ பெஸ்' என்று ஒன்று பாடினார். தன் கறி ஊரெங்கும் பேர் போனது என்கிற பெருமிதம்தான் முழுப்பாட்டும். தெருவில் கூவி விற்கும் குரல் இந்தப் பாட்டுகளுக்கெல்லாம் தாய். ப்ளூஸ் வருவதற்கு முன்பே தெற்கத்தி நகரங்களில் மீன்காரர், பழக்காரர், மிட்டாய்க்காரர் எல்லாரும் மெட்டுக் கட்டித்தான் கூவினார்கள். அந்தக் கூவலில் குறும்பு கலப்பதும் புதிதில்லை.

உணவும் பாட்டும் ஒரே கூரையில் விலைபோனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாராயக் கொட்டகையில் சனிக்கிழமை மீன் பொரிப்பார்கள். ஹார்லெமில் வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, வாசலில் காசு வாங்கி, உள்ளே பன்றிக்காலும் குடலும் சமைத்து விற்று, பியானோக்காரரை வைத்து விடியும்வரை ஆடினார்கள். 1933 நவம்பரில் பெஸ்ஸி தன் கடைசிப் பதிவில் பாடிய 'கிம்மி எ பிக்ஃபுட்' அந்த விருந்தைப் பற்றியதுதான். பன்றிக்காலும் பீரும் கேட்கிறார். அங்கே பன்றிக்கால் பன்றிக்கால்தான். அதற்குள் வேறெதையும் தேடுகிறவன் பாவம் பசி அறியாதவன்.

பசி என்று சொன்னதும் ஒரு விஷயம். மிசிசிப்பியில் விளைச்சலில் பங்குக்கு உழுத குடும்பங்களுக்கு, அறுவடைக் கணக்கு முடியும்வரை, பண்ணையார் கடையில் படி அளந்தார்கள். மக்காச்சோள மாவு, உப்பிலிட்ட பன்றிக் கொழுப்பு, கரும்புப்பாகு. ஆண்டு முழுக்க இந்த மூன்றையே தின்றால் நயாசின் என்ற சத்துக் குறைந்து பெலாக்ரா நோய் வரும். தோல் வெடித்து, வயிறு போய், புத்தி பேதலித்து மனிதர் செத்தார்கள். 1910களிலும் 20களிலும் அமெரிக்க அரசு மருத்துவர் ஜோசஃப் கோல்ட்பெர்கர் இது தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டுக் குறை என்று நிரூபிக்கப் படாத பாடு பட்டார். இப்போது பாட்டில் வரும் பண்டங்களை எடுத்து வைத்துப் பாருங்கள். பிஸ்கட். தெற்கில் அது நம் கடை பிஸ்கட் அல்ல, அடுப்பிலிருந்து சூடாக எடுக்கும் மெத்தென்ற கோதுமை ரொட்டி. ஏழை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பண்டம். கஸ்டர்ட் பை என்றால் முட்டையும் பாலும் சர்க்கரையும். ஜெல்லி ரோல், தேன், எலுமிச்சை, எலும்போடு வெட்டிய நல்ல கறித்துண்டு. எல்லாம் படியில் வராதவை. முட்டைக்கோஸ் மாதிரி விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் மக்காச்சோள மாவை ஆசையின் பெயராக யாரும் பாடியதாக நான் கேட்டதில்லை. உடம்பின் இன்பத்துக்குப் பெயர் தேடியவர்கள் நாக்கின் இன்பத்திலும் அரிதானதையே எடுத்தார்கள். இது என் ஊகம்தான், ஆனால் தட்டுகளைக் கேட்கக் கேட்க வலுப்படுகிறது.

டமாலியும் அந்தப் பட்டியலில் உண்டு. காரமான கறியை மக்காச்சோள மாவில் பொதிந்து சோளத்தோலில் சுற்றிச் செய்யும் மெக்சிகோ பண்டம், பருத்தி எடுக்க வந்த கூலியாட்களோடு மிசிசிப்பி டெல்டாவுக்கு வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. டெல்டாக்காரர்கள் அதை ஆவியில் வேகவைக்காமல் மசாலா நீரில் கொதிக்கவைத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்றும் அங்கே தெருமுனையில் கிடைக்கிறது. 1936 நவம்பரில் சான் ஆண்டோனியோவில் ராபர்ட் ஜான்சன் பாடிய 'தே ஆர் ரெட் ஹாட்' டமாலி விற்பவளைப் பற்றியது. சாத்தானோடு பேரம் பேசியவர் என்று புராணம் கட்டப்பட்ட மனிதர், இங்கே கோமாளி மேடைக்காரர் மாதிரி வேகமாக உளறிச் சிரிக்கவைக்கிறார். ஜான்சனைத் துயரத்தின் திருவுருவாக வழிபடுகிறவர்கள் இந்தப் பாட்டை வேகமாகத் தாண்டிப் போவார்கள்.

ஆண்கள் பக்கத்தில் இந்தத் துறையின் நிரந்தரக் கடைக்காரர் போ கார்ட்டர். இயற்பெயர் ஆர்மெண்டர் சாட்மன். மிசிசிப்பியின் போல்டன் ஊரில் இசைக் குடும்பம். சகோதரர்கள் மிசிசிப்பி ஷீக்ஸ் குழு. 1928க்கும் 1940க்கும் இடையில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் பதிவு செய்தார். பழக்கூடையில் வாழைப்பழம், சூடு பண்ண வேண்டிய சாஸேஜ், போதுமான அளவுள்ள பிஸ்கட் என்று பட்டியல் நீள்கிறது. பத்துப் பாட்டைத் தொடர்ந்து கேட்டால் அலுக்கும். புதிர் ஒன்றேதான், பண்டம்தான் மாறுகிறது. ஆனால் சொற்களை விட்டுவிட்டுக் கிடாரை மட்டும் கேட்டால் வேறொரு மனிதர் தெரிவார். அவர் காலத்து டெல்டா கிடார்க்காரர்களில் இத்தனை நுணுக்கமாகக் கோர்வை மாற்றியவர்கள் சிலர்தான். ஒவ்வொரு அடி முடிந்ததும் கிடார் ஒரு சின்னச் சொல்லைத் திருப்பிச் சொல்லும். பாடகர் வாயால் சொல்லாததை விரலால் சொல்லி முடிப்பதுபோல. 1960இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் பால் ஆலிவர் மெம்ஃபிஸில் அவரைத் தேடிக் கண்டபோது கண் பார்வை போய், வறுமையில் இருந்தார். 1964இல் இறந்தார்.

எல்லாச் சாப்பாட்டுப் பாட்டும் கட்டிலில் போய் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரண்டிப் பாட்டு ஒரு கிளை. 1925இல் பாப்பா சார்லி ஜாக்ஸன் ஒரு கரண்டி கேட்டார். 1929இல் சார்லி பேட்டன் பாடியபோது அந்தக் கரண்டியில் இருந்தது கொக்கெய்ன். கரண்டி என்ற சொல் வரும் இடத்தில் அவர் பல தடவை வாயை மூடிக்கொள்ள, கிடார் நரம்பில் கத்தி உரசி அந்தச் சொல்லைச் சொல்கிறது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் அதே கரண்டியில் காப்பித்தூள் போட்டுக் காதலைக் கலந்தார். 1965இல் நியூயார்க்கின் ராக் குழு ஒன்று அதிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1960இல் வில்லி டிக்ஸன் எழுத ஹவ்லின் வுல்ஃப் பாடிய 'ஸ்பூன்ஃபுல்'லில் கரண்டியில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. எதற்காகவும் மனிதர்கள் அடித்துக்கொள்வார்கள் என்ற அளவுக்கு அது விரிந்துவிட்டது.

படித்தவர்கள் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள் என்பதே தனி வேடிக்கை. ப்ளூஸின் இரட்டை அர்த்தத்தைப் பற்றிய முதல் ஆய்வுகளில் ஒன்றை வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் கை ஜான்சன் 1927இல் எழுதினார். வெளியானது இசை இதழில் அல்ல, பிறழ்மன உளவியல் இதழில். ஜெல்லி ரோல் போன்ற சொற்களைப் பொறுமையாகத் தொகுத்திருந்தார். சிரித்ததற்கான தடயம் குறைவு. கறுப்பின நடுத்தர வர்க்கத்தாரில் பலர் வெட்கப்பட்டார்கள். கறுப்பினத்தவரே நடத்திய பிளாக் ஸ்வான் நிறுவனம் பெஸ்ஸியின் குரல் முரடு என்று திருப்பி அனுப்பியது. பால் ஆலிவர் 1968இல் 'ஸ்க்ரீனிங் தி ப்ளூஸ்' நூலில் முதன்முறையாக இந்தப் பாட்டுகளை வரிசைப்படுத்தி, ஒரே கற்பனை பாடகர் மாறி மாறி எப்படித் தேய்கிறது, எங்கே புதுப்பிக்கப்படுகிறது என்று காட்டினார். 2024இல் எலைஜா வால்ட், ஜெல்லி ரோல் மார்ட்டன் ஒரு நூலகத்துக்காகச் செய்த பதிவுகளில் பச்சையாகப் பாடிக் காட்டியவற்றிலிருந்து தொடங்கி, அச்சிலும் தட்டிலும் ஏறாமல் போன பாட்டு மரபையே தோண்டி ஒரு நூல் எழுதினார். வால்டைப் படித்த பிறகு ஒன்று தெளிவாகிறது. நம்மிடம் இருப்பது கடைக்கு வந்த மீதி. அந்த மீதியிலேயே இவ்வளவு சாமர்த்தியம் என்றால், கொட்டகையில் பாடப்பட்டுக் காற்றோடு போனது எவ்வளவு இருந்திருக்கும்!

பின்னாளில் இந்தப் பண்டங்கள் வெள்ளைக்கார ராக் இசைக்குப் போன வழி நேரானதல்ல. 1963இல் ஜான் ஹர்ட்டை அவலான் கிராமத்தில் கண்டுபிடித்து நியூபோர்ட் இசை விழா மேடையில் ஏற்றினார்கள். எழுபது வயதுத் தாத்தா, தொப்பி, தேன் குரல். அவர் மிட்டாய்க்காரனைப் பற்றிப் பாடியபோது கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் மிட்டாயையே கேட்டிருப்பார்களோ! எலுமிச்சையின் பயணம் இதைவிட வினோதம். லெட் செப்பலின் ராக் குழு 1969இல் 'தி லெமன் சாங்' வெளியிட்டது. பெரும்பகுதி ஹவ்லின் வுல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்'. வழக்கு வந்த பிறகு அவர் இயற்பெயர் செஸ்டர் பர்னட் என்று தட்டில் ஏறியது. ஆனால் எலுமிச்சை பிழிகிற குறும்பு வுல்ஃபுடையது அல்ல. அது ராபர்ட் ஜான்சன் 1937 ஜூனில் டல்லாஸில் பதிவு செய்த 'டிராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்' வழியாக வந்தது. ஜான்சனுக்கு முன்னாலும் அது புழங்கிய சரக்குத்தான். டல்லாஸ் பதிவை நிறுவனம் அப்போது வெளியிடவே இல்லை. ஜான்சன் அடுத்த ஆண்டு செத்துப்போனார். 1961இல் கொலம்பியா ஒரு நெடுந்தட்டில் சேர்த்த பிறகுதான் அது முதன்முதலாகக் கடைக்கு வந்தது. வாங்கியவர்களில் பலர் நியூயார்க்கின் நாட்டுப்புறப் பாட்டு ரசிகர்கள், லண்டன் பக்கத்துக் கிடார்ப் பையன்கள். மிசிசிப்பி டெல்டாவில், அந்த எலுமிச்சையை ஒரு நொடியில் புரிந்துகொண்டு தொடையில் தட்டிச் சிரித்திருக்கக்கூடியவர்களுக்கு, 35 சென்ட் கொடுத்து அதை வாங்க ஒரு நாளும் வழி இருக்கவில்லை.